காலையில் கால் எழும்பவில்லை: பொட்டாசியம் குறைந்து வரும் தசைத் தளர்ச்சி பற்றிக் கொடைக்கானல் மலைப்பக்கம் கேட்கும் கேள்விகள்

கொடைக்கானல் மலையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நான், மருத்துவன் இல்லை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் பக்கமிருந்து வருகிறவர்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியவை. ரத்தம் எடுப்பது பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்லியிருக்கிறேன். மலையில் இருப்பவர்கள் கோட்டைவிடுவது அங்கேதான்.

ராத்திரி நன்றாகத்தான் படுத்தார். விடிந்ததும் இரண்டு காலும் எழும்பவில்லை. இது பக்கவாதமா?

பக்கவாதம் பெரும்பாலும் ஒரு பக்கமாக வரும். வாய் கோணும், பேச்சு குழறும். இங்கே சொல்லும் நோயில் இரண்டு பக்கமும் சேர்ந்து தளரும். தொடையும் இடுப்பும் முதலில், கை அப்புறம். நினைவு தெளிவாக இருக்கும், பேச்சு சரியாக இருக்கும், கிள்ளினால் வலிக்கும். சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ பலம் திரும்பிவிடும். ஹைப்போகலீமிக் பீரியாடிக் பராலிசிஸ் என்று டாக்டர்கள் எழுதுவது இதைத்தான். ஏறத்தாழ லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் என்று கணக்கு. பெரும்பாலும் சிறு வயதிலோ பதின்ம வயதிலோ தொடங்கும்.

ஆனால் வீட்டிலேயே உட்கார்ந்து "இது அதுதான்" என்று முடிவு கட்டாதீர்கள். கால்கள் தளரும் நோய்கள் வேறும் உண்டு. கீழிருந்து மேலாக நாளுக்கு நாள் ஏறி, மூச்சையே நிறுத்தக்கூடிய கில்லன் பார்ரே என்ற நரம்பு நோயும் தொடக்கத்தில் இப்படித்தான் தெரியும். முதல் தடவை வந்தால் ஆஸ்பத்திரிதான். இரண்டு பேச்சு இல்லை.

பொட்டாசியம் குறைவு என்கிறார்கள். சாப்பாட்டில் சத்து இல்லாததாலா?

இல்லை. இந்த நோயில் பொட்டாசியம் உடம்பை விட்டு எங்கும் போவதில்லை, இடம் மாறுகிறது.

நம் உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளே, முக்கியமாகத் தசைக்குள், இருக்கிறது. ரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள நீரிலும் இருப்பது மீதி 2 சதவீதம்தான். ரிப்போர்ட்டில் வரும் எண் அந்தச் சிறு பங்கைத்தான் காட்டுகிறது. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருந்தால் சரி. மாவும் சர்க்கரையும் நிறையச் சாப்பிட்டால் இன்சுலின் சுரக்கும். அது சர்க்கரையோடு பொட்டாசியத்தையும் தசைக்குள் தள்ளும். எல்லோருக்கும் நடப்பதுதான் இது. இந்த நோய் உள்ளவருக்கு மட்டும் தசை நாரின் சுவரில் உள்ள ஒரு வாசல் பிறவியிலேயே பழுதாக இருக்கிறது. அதன் வழியாக மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். வெளியே பொட்டாசியம் குறைந்ததும் அந்தக் கசிவு மேலோங்கி, நரம்பு ஆணையிட்டாலும் தசை சுண்ட முடியாமல் நின்றுவிடுகிறது. பொட்டாசியம் மறுபடி வெளியே வந்ததும் தசை பழையபடி வேலை செய்கிறது.

அதனால்தான் எண் 3 என்று இருக்கும்போதே இவர்களில் சிலர் படுத்துவிடுகிறார்கள். வேறு காரணத்தால் பொட்டாசியம் குறைந்தவர்கள் அதே எண்ணோடு சாதாரணமாக நடமாடுவார்கள்.

எப்போது வரும்? முன்கூட்டியே தெரியுமா?

கடுமையாக உழைத்துவிட்டு ஓய்வெடுக்கும்போது வரும். உழைக்கும்போதே வருவது அரிது. வாரம் முழுக்கக் கேரட் மூட்டையும் பூண்டு மூட்டையும் சுமந்தவர், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு, ராத்திரி வயிறு முட்டப் பரோட்டாவோ பிரியாணியோ சாப்பிட்டுப் படுக்கிறார். திங்கட்கிழமை விடியற்காலை கால் வரவில்லை. உழைப்பு, ஓய்வு, மாவுச்சத்து, உப்பு, தூக்கம் எல்லாம் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. மார்கழி, தை மாதக் குளிரும் சேர்ந்தால் இன்னும் மோசம். குளிரும் இந்த நோயைத் தூண்டும். மதுவும் தூண்டும், மனக் கலக்கமும் தூண்டும்.

மருந்துகளிலும் சில உண்டு. வீசிங்குக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு, சால்பூட்டமால், சர்க்கரை நோய்க்கான இன்சுலின் ஆகியவை பொட்டாசியத்தை இறக்கும். அதற்காக ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரைத் தூக்கி எறியக் கூடாது. டாக்டரிடம் சொல்லி மாற்று கேளுங்கள்.

சிலருக்கு முந்தைய நாளே தொடை கனக்கும், அலுப்பாக இருக்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்துவிடாமல் வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடந்தால் லேசான தளர்ச்சி வராமலே நின்றுபோவதும் உண்டு.

பக்கத்து க்ளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றலாமா? உடம்பு தெம்பாகுமே?

ஏற்றக் கூடாது. அசதி என்றாலே "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க டாக்டர்" என்று நாமே கேட்டு வாங்கும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. இந்த நோயில் அது நேர் எதிர் வேலை செய்யும். குளுக்கோஸ் ஏறினால் இன்சுலின் சுரக்கும், இருக்கிற கொஞ்சப் பொட்டாசியமும் தசைக்குள் போகும், தளர்ச்சி கூடும். கை மட்டுமாவது அசைந்துகொண்டிருந்தவர் அதையும் தூக்க முடியாமல் போகலாம். பொட்டாசியத்தையே குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து ஏற்றினாலும் இதே சிக்கல்தான். அதனால் ரத்தக் குழாய் வழியாகக் கொடுத்தே ஆக வேண்டிய நிலையில் மானிட்டால் என்ற வேறு திரவத்தில் கலப்பதைத்தான் மருத்துவ நூல்கள் விரும்புகின்றன.

கூட வருகிறவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்: "இவருக்குப் பொட்டாசியம் குறையும் வியாதி இருக்கிறது, குளுக்கோஸ் வேண்டாம்." ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

மேலே வசதி இல்லை, நேராகத் தேனிக்கோ மதுரைக்கோ போய்விடலாம் என்கிறார்களே?

போகத்தான் வேண்டும். ஆனால் கிளம்புவதற்கு முன் மலையிலேயே ரத்தம் எடுத்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

காரணம் எளிது. இந்த நோயை நிரூபிப்பது தளர்ச்சி இருக்கும் நேரத்தில் எடுத்த ரத்தம்தான். தளர்ச்சி விலகியதும் பொட்டாசியம் சரியாகிவிடும். மன்னவனூரிலிருந்தோ கூக்காலிலிருந்தோ கொடைக்கானல் வந்து, அங்கிருந்து வத்தலக்குண்டு இறங்கி, தேனி கானாவிலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ, திண்டுக்கல்லுக்கோ, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ போய்ச் சேர்வதற்குள் பொழுது போய்விடும். போய் இறங்கும்போது ஆளே நடந்து போவார், ரத்தத்தில் 4.1 என்று வரும். "ஒன்றுமில்லை, பயம்தான்" என்று அனுப்பிவிடுவார்கள். மறு மாதம் இதே கதை. இப்படி அலைந்து அலைந்து மனநோய் என்று பெயர் வாங்கியவர்கள் உண்டு.

எடுக்கும் விதமும் முக்கியம். ரத்தம் எடுக்கும்போது "கையை இறுக்கி மூடித் திறங்க" என்று சொல்வது எங்கள் தொழிலில் பழக்கம். பொட்டாசியம் பார்ப்பதற்கு அது ஆகாது; அப்படிச் செய்தால் முன்கைத் தசையிலிருந்து பொட்டாசியம் வெளியே வந்து எண் கூடிக் காட்டும். கட்டுப்பட்டையும் நீண்ட நேரம் இறுக்கக் கூடாது. மெல்லிய ஊசியால் வேகமாக உறிஞ்சினாலோ, குழாயைக் குலுக்கினாலோ சிவப்பணு உடைந்து உள்ளே இருக்கும் பொட்டாசியம் கலந்துவிடும்.

அப்புறம் ஐஸ் பெட்டி. மேலே எடுத்த ரத்தத்தைக் கருவியில் சுழற்றிச் சிவப்பணுவைப் பிரித்தெடுக்காமல் அப்படியே ஐஸில் வைத்துக் கீழே அனுப்புவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். குளிரில் சிவப்பணுவால் பொட்டாசியத்தை உள்ளே பிடித்து வைக்க முடியாது, மெல்ல மெல்லக் கசியவிடும். 2.6 இருந்த ரத்தம் மலை இறங்குவதற்குள் 3.8 ஆகக் காட்டினால் ஆச்சரியமில்லை. நம் மலையின் குளிரே பல நாள் குளிர்ப்பெட்டிக்குச் சமம் என்பதையும் மறக்க வேண்டாம். எடுத்த இடத்திலேயே சுழற்றி, சீரம் என்ற தெளிந்த நீர்ப்பகுதியைப் பிரித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் எடுத்த நேரமும், அப்போது தளர்ச்சி இருந்ததா என்பதும் எழுதியிருக்க வேண்டும்.

முடிந்தால் அதே நேரத்தில் ஒரு ஈ.சி.ஜி., ஒரு சிறு குப்பியில் சிறுநீர். பொட்டாசியம் குறைந்தால் ஈ.சி.ஜி.யில் டி அலை தட்டையாகும், அதன் பின்னால் யு அலை என்று ஒன்று எழும்பும். சிறுநீரில் பொட்டாசியம் அதிகமாகப் போகிறதா என்று பார்த்தால் அது உடம்பை விட்டு வெளியேறுகிறதா, தசைக்குள் ஒளிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. மூச்சு வாங்கினால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், நெஞ்சு படபடத்தால், மயக்கம் வந்தால் 108-ஐக் கூப்பிட்டு உடனே கிளம்புங்கள். ரத்தத்தைப் போகும் வழியில் முதல் ஆஸ்பத்திரியில் எடுக்கலாம்.

ரத்தத்தில் குறைவு என்று வந்துவிட்டது. அப்படியானால் இந்த நோய்தானா?

இன்னும் இல்லை. முதலில் தைராய்டு பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பதால் வரும் தளர்ச்சி இதே மாதிரி இருக்கும்; ஆசிய நாடுகளின் ஆண்களிடம், முக்கியமாக 20 முதல் 40 வயதுக்குள், அதிகம் காணப்படுகிறது. தைராய்டு பெண்களின் நோய் என்று நினைத்துப் பல ஆண்கள் பரிசோதிக்கவே மாட்டார்கள். எடை குறைந்திருக்கிறதா, கை நடுங்குகிறதா, நெஞ்சு அடித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். எதுவுமே வெளியே தெரியாமலும் இருக்கலாம். இதில் ஒரு நல்ல செய்தி: தைராய்டைச் சரிசெய்தால் தளர்ச்சி வருவது நின்றுவிடும். அதுவரை புரோப்ரனலால் போன்ற மருந்து கொடுப்பார்கள்.

அடுத்தது சிறுநீரகம். சிறுநீரகம் அமிலத்தைச் சரியாக வெளியேற்றாத ரீனல் டியூபுலர் அசிடோசிஸ் என்ற கோளாறில் பொட்டாசியம் சிறுநீரோடு நிஜமாகவே போய்விடும். நடுத்தர வயதுப் பெண்களுக்கு வாய் உலர்வு, கண் உலர்வோடு சேர்ந்து இது வந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோய் இருக்கிறதா என்று தேடுவார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, நீர் பிரியும் மாத்திரை இவையும் காரணமாகலாம். டெங்கு காய்ச்சலை ஒட்டியும் இப்படிக் கால் தளர்ந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

யாரும் சந்தேகப்படாத ஒன்று, அதிமதுரம். குளிருக்குத் தொண்டை கட்டினால் ஒரு துண்டு மெல்வதில் தவறில்லை. தினமும் கஷாயம் வைத்து வாரக்கணக்கில் குடித்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே தள்ளும், ரத்த அழுத்தமும் ஏறும். டாக்டர் "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்கும்போது நாம் "இல்லை" என்போம். கஷாயத்தை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை அல்லவா?

மலைவாழைப்பழமும் இளநீரும் நிறையக் கொடுத்தால் போதாதா?

நம் மலையில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்கள் நாம். வாழைப்பழத்தில் பொட்டாசியம் உண்டு. 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம். ஆனால் டாக்டர் எழுதிக்கொடுக்கும் 10 சதவீதப் பொட்டாசியம் குளோரைடு சிரப்பில் 15 மில்லியிலேயே சுமார் 780 மில்லிகிராம் இருக்கிறது. அதைப் பழத்தில் எடுக்க 200 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். கூடவே 50 கிராம் அளவுக்கு மாவும் சர்க்கரையும் உள்ளே போகும். அந்தச் சர்க்கரைதான் இன்சுலினைக் கூப்பிடும். இளநீர் பரவாயில்லை, சர்க்கரை குறைவு. 100 மில்லியில் 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். சாதாரண நாளில் இரண்டையும் அளவோடு சாப்பிடலாம். படுத்துக் கிடக்கும் ஆளுக்கு இவை மருந்தாகாது.

பஞ்சாமிர்தம்? வாழைப்பழம் இருக்கிறதே என்று கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரை, தேன், கற்கண்டு, பேரீச்சம்பழம் எல்லாம் சேர்ந்த பிரசாதம் அது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உருளைக்கிழங்கிலும் பொட்டாசியம் உண்டு, மாவும் உண்டு. கீரை, பீன்ஸ், பருப்பு, மீன், முட்டை பக்கம் சாப்பாட்டைத் திருப்பி, ராத்திரிச் சோற்றைக் குறைத்து, ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் பிரித்துச் சாப்பிடுவதுதான் சரிப்படும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் குறையட்டும்.

சிரப்பை மருந்துக் கடையில் வாங்கி நாமே கொடுக்கலாமா?

நோய் உறுதியாகி, எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை, ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் கொடுக்கலாம். தண்ணீரில் நன்றாகக் கலந்து, ஆளைச் சாய்த்து உட்கார வைத்துக் கொடுங்கள். ஜூஸில் கலக்க வேண்டாம். உறுதியாகாமல் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் இதே குடும்பத்தில் இன்னொரு நோய் உண்டு: அதில் பொட்டாசியம் கூடும்போதுதான் தளர்ச்சி வரும். அவருக்கு இந்தச் சிரப்பைக் கொடுத்தால் நிலைமை தலைகீழாகும். சிறுநீரகம் பழுதானவருக்கும் ஆபத்து.

பொறுமையும் வேண்டும். கால் இன்னும் வரவில்லையே என்று அடுத்தடுத்து ஊற்றினால், தசைக்குள் போன பொட்டாசியம் திரும்பி வரும்போது கொடுத்ததும் சேர்ந்து ரத்தத்தில் அளவு மீறும். இதயத் துடிப்பே தப்பலாம். தைராய்டு வகையில் இது அதிகம் நடக்கும்.

வராமலே தடுக்க மாத்திரை உண்டா?

உண்டு. அசிட்டசோலமைடு என்பது பழைய மருந்து. பலருக்குக் கேட்கும், சிலருக்கு, முக்கியமாகத் தசைச் சுவரில் சோடியம் போகும் வாசலில் பழுது உள்ளவர்களுக்கு, நிலைமையை மோசமாக்கும். சிறுநீரகக் கல் வரலாம் என்பதால் தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும்; குளிர் ஊரில் அதை யாரும் செய்வதில்லை. சிறுநீரக அசிடோசிஸ் உள்ளவருக்கு இது கூடாது, இன்னும் பொட்டாசியம் போகும். டைகுளோர்ஃபெனமைடு என்ற மருந்துக்கு அமெரிக்கா 2015-இல் இந்த நோய்க்கென்றே அனுமதி கொடுத்தது. ஸ்பைரோனோலாக்டோன் போல, பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் மாத்திரைகளையும் டாக்டர்கள் சேர்ப்பார்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா? பெண்ணுக்கும் வருமா?

அக்கா மகளைக் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடம் பழுதான மரபணு இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. யாரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. பெரும்பாலான குடும்பங்களில் பழுது கால்சியம் வாசலின் மரபணுவில். அது 1994-இல் கண்டுபிடிக்கப்பட்டது. மீதியில் பல குடும்பங்களில் சோடியம் வாசலில். மரபணுவைச் சுமக்கும் பெண்களில் பலருக்குத் தளர்ச்சி வருவதே இல்லை, வந்தாலும் லேசாக இருக்கும். அதனால் "அம்மா நன்றாகத்தானே இருக்கிறார்" என்பது ஆதாரம் ஆகாது. தாத்தாவுக்கு "வாதம் வந்து வந்து போகும்" என்று வீட்டில் சொல்வார்களா என்று விசாரியுங்கள். மரபணு ஆலோசனைக்கு வேலூர் சி.எம்.சி., நரம்புத் தசை நோய்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களுக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம்.

சொந்தத்தில் கல்யாணம் என்ற கேள்வி பொருந்துவது பிறவியிலேயே சிறுநீரகத்தில் பொட்டாசியம் கசியும் சில நோய்களுக்குத்தான்.

அமுக்குவான் பேய் என்று மாமியார் சொல்கிறார்.

தூக்கத்தில் விழித்தும் அசைய முடியாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருப்பது வேறு. அது சில வினாடி, மிஞ்சினால் சில நிமிடம். எழுந்தால் முழுப் பலமும் இருக்கும். மணிக்கணக்கில் கால் வராமல் கிடந்தால் பொட்டாசியம் பாருங்கள். மாமியார் திருப்திக்கு மந்திரிப்பதென்றால் ரத்தம் எடுத்த பிறகு மந்திரிக்கட்டும்.

பள்ளியில் என்ன சொல்ல வேண்டும்?

விளையாட்டைத் தடுக்கச் சொல்லாதீர்கள். ஓடி முடித்ததும் சட்டென்று உட்கார வைக்காமல், மெதுவாக நடக்கவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள் என்று பி.டி. வாத்தியாரிடம் கேளுங்கள். குளிரில் வியர்வையோடு நிற்க வைக்கக் கூடாது. வகுப்பில் எழுந்திருக்க முடியவில்லை என்று பிள்ளை சொன்னால் அது சாக்கு இல்லை என்பது வகுப்பு ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்றால் டாக்டர் எழுதிய சீட்டின் நகல் வார்டனிடம் இருக்கட்டும்.

ஆபரேஷன் செய்யலாமா?

செய்யலாம். மயக்க மருந்து டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். குளுக்கோஸ், குளிர், சில வகைத் தசை தளர்த்தி மருந்துகளை அவர் தவிர்ப்பார். பல் பிடுங்கப் போனாலும் சொல்ல வேண்டும்; மரத்துப்போகப் போடும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும், அதுவும் பொட்டாசியத்தை இறக்கும்.

வயதானால் சரியாகிவிடுமா?

நாற்பது வயதுக்குமேல் தளர்ச்சி வருவது பலருக்குக் குறைந்துவிடும். ஆனால் தொடையிலும் இடுப்பிலும் நிரந்தரமான பலவீனம் மெல்லப் படியலாம். படி ஏறக் கைப்பிடி தேட வேண்டியிருக்கும். மலையில் வீடு கட்டியவர்களுக்கு எல்லாமே படிதான். "இப்போதெல்லாம் வருவதில்லை" என்று மருந்தையும் டாக்டரையும் மறந்துவிடாமல், வருஷத்துக்கு ஒரு தடவையாவது தசை பலத்தைக் காட்டிக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போக வேண்டும் என்கிறார். விடலாமா?

அவருடைய டாக்டர் சம்மதித்தால் விடலாம். நடை அவரைப் படுக்க வைக்காது. நடை முடிந்து அன்னதானப் பந்தியில் உட்கார்ந்து சோறும் கேசரியும் சாப்பிட்டு, பனியில் திறந்த மண்டபத்தில் படுப்பதுதான் படுக்க வைக்கும். ஒவ்வொரு நாள் நடையையும் குறுக்கிக்கொள்ளட்டும். ராத்திரிச் சாப்பாடு பாதி வயிறு, இனிப்பு வேண்டாம், போர்வை கையோடு. சிரப்பும் சீட்டும் பையில் இருக்கட்டும்; அது எந்தப் பை என்று கூட நடக்கும் ஆளுக்கும் தெரிய வேண்டும்.